இராமானுஜனும் கண்டறிய இயலாத நோயும்

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயரை அறியாத தமிழர் அரிது. முறையான உயர்கல்விப் பட்டம் இல்லாமலே உலகக் கணித அறிஞர்களை வியக்க வைத்தவர் அவர். அவர் எழுதி வைத்த சமன்பாடுகளை அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர். ஆயினும், அவர் இம்மண்ணில் வாழ்ந்தது 32 ஆண்டுகள் மட்டுமே. அவற்றுள் கடைசி மூன்று ஆண்டுகளை அவர் பெரும்பாலும் நோய்ப்படுக்கையில் கழித்தார்.

அந்த நோய் காசநோய் என்றே பலரும் நம்பினர். ஆனால், அவரைச் சோதித்த மருத்துவர்கள் அனைவரும் ஒரே கருத்தைக் கூறவில்லை. உடலைத் திறக்காமல் அதன் உட்பகுதியைத் தெளிவாகக் காணும் வழி அக்காலத்தில் இல்லை. எண்களுக்குள் மறைந்திருந்த உண்மைகளைக் கண்ட ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் மறைந்திருந்த நோயை யாராலும் உறுதியாகக் காண முடியவில்லை. அவருடைய வாழ்க்கையை இந்தக் கோணத்திலிருந்து அறிவது, இன்றைய மருத்துவத்தின் அருமையையும் நமக்கு உணர்த்தும்.

இளமைக் காலம்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டியார் வீட்டில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடி வந்தார். வருமானம் குறைந்த குடும்பம் அது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில் இராமானுஜன் வளர்ந்தார்.

இரண்டாம் வயதில் அவருக்குப் பெரியம்மை கண்டது. அக்காலத்தில் அந்நோய் எண்ணற்ற குழந்தைகளைப் பலிகொண்டது. இராமானுஜன் பிழைத்துக்கொண்டார். அவருக்குப் பின் பிறந்த குழந்தைகள் சிலர் கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். நோயும் மரணமும் அவர் வீட்டு வாசலை அடிக்கடி தட்டின.

கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் அவர் சிறந்த மாணவராக விளங்கினார். சுமார் 16-ஆம் வயதில், கார் என்பவர் எழுதிய கணித நூல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் சுருக்கமாகத் தரப்பட்டிருந்தன. பலவற்றுக்கு விளக்கம் இல்லை. இராமானுஜன் அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். தாள் வாங்கப் பணம் இல்லாததால், கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

1904-ஆம் ஆண்டில் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்ததால் உதவித்தொகையை இழந்தார். பின்னர், 1906-ஆம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கடுமையான சீதபேதியால் பாதிக்கப்பட்டு, சில காலம் கும்பகோணம் திரும்ப நேர்ந்தது. இந்தச் சீதபேதியைப் பற்றி அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய மரணத்தை ஆராய்ந்தவர்களுக்கு இதுவே ஒரு முக்கியத் தடயமாக அமைந்தது.

கல்லூரித் தேர்வில் அவர் தேறவில்லை. 1909-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜானகி என்பவரை மணந்தார். மறு ஆண்டு அவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. குடும்பத்திடம் பணம் இல்லை. ஒரு மருத்துவர் கட்டணம் பெறாமல் அதனைச் செய்து முடித்தார். உடல் தேறிய பிறகு இராமானுஜன் வேலை தேடிச் சென்னையில் அலைந்தார். 1912-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

கடல் கடந்த பயணம்

1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், இராமானுஜன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் தாம் கண்ட பல தேற்றங்களை இணைத்திருந்தார். அவற்றைப் படித்த ஹார்டி, எழுதியவர் ஓர் அரிய மேதை என உணர்ந்து, அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். கடல் கடந்து செல்வதை அன்றைய வைதிகக் குடும்பங்கள் ஏற்கவில்லை. முதலில் தயங்கிய இராமானுஜன், தாயாரின் சம்மதம் கிடைத்த பின் புறப்பட இசைந்தார்.

1914-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் அவர் சென்னையை விட்டுப் புறப்பட்டார். அதே கப்பலில் சௌரிமுத்து என்னும் மருத்துவரும் பயணம் செய்தார். சென்னையில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றி வந்த அவர், காசநோய்ச் சிகிச்சையில் பெயர் பெற்றவர். அவரே பின்னாளில் தமக்கு மருத்துவம் பார்ப்பார் என்பதை அப்போது இராமானுஜன் அறிந்திருக்க இயலாது.

கேம்பிரிட்ஜ் திரினிட்டி கல்லூரியில் இராமானுஜனின் ஆய்வு மலர்ந்தது. ஹார்டியுடன் இணைந்தும் தனித்தும் அவர் பல கட்டுரைகளை வெளியிட்டார். 1916-ஆம் ஆண்டு ஆய்வின் அடிப்படையில் அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டது. ஊரில் தேர்வுகளில் தோற்றவர், உலகின் தலைசிறந்த கல்லூரி ஒன்றில் பட்டம் பெற்றார்.

ஆனால், அவருடைய உடல் நாளுக்கு நாள் தளர்ந்தது. அவர் சைவ உணவை மட்டுமே உண்டார். கல்லூரி உணவை நாடாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். அவர் இங்கிலாந்து சென்ற சில மாதங்களிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது. காய்கறியும் பழமும் பாலும் கிடைப்பது அரிதாயிற்று. பழக்கமில்லாத கடுங்குளிர் வேறு. கணிதத்தில் ஆழ்ந்துவிட்டால் உணவையும் உறக்கத்தையும் அவர் மறந்துவிடுவார்.

பல பெயர்கள் பெற்ற நோய்

1917-ஆம் ஆண்டின் இளவேனிலில் இராமானுஜன் நோயுற்றுக் கேம்பிரிட்ஜ் மருத்துவ இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. உடல் மெலிந்தது. வலி வாட்டியது. தொடக்கத்தில் மருத்துவர்கள் வயிற்றுப்புண் என்று கருதினர். பின்னர்க் காசநோய் என்ற கருத்து வலுப்பெற்றது. முன்பு செய்த அறுவைச் சிகிச்சையை நினைவிற்கொண்டு, புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கலாம் என ஐயுற்றவரும் உண்டு. இரத்தத்தில் நச்சுத்தன்மை கலந்துள்ளது என்ற கருத்தும் எழுந்தது. நோயாளி ஒருவரே, நோய்க்கோ பல பெயர்கள்!

காசநோய் என்பது ஒரு வகை நுண்கிருமியால் உண்டாகும் தொற்றுநோய். இக்கிருமியை இராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1882-ஆம் ஆண்டில் கண்டறிந்து அறிவித்தார். ஆயினும், கிருமியை அழிக்கும் மருந்து இராமானுஜன் காலத்தில் கண்டுபிடிக்கப்படவில்லை. தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. இதற்கென ஊருக்கு வெளியே காசநோய் மருத்துவ இல்லங்கள் அமைக்கப்பட்டிருந்தன. அங்கே சன்னல்கள் குளிர்காலத்திலும் திறந்தே இருக்கும்.

1917-ஆம் ஆண்டு இறுதிப் பகுதியில் இராமானுஜன் மெண்டிப் மலைப்பகுதியில் இருந்த அத்தகைய மருத்துவ இல்லத்தில் சேர்ந்தார். அதனை நடத்தியவர், கப்பலில் உடன் வந்த அதே சௌரிமுத்துதான். அங்கிருந்து மாட்லாக் என்னும் ஊரில் இருந்த மற்றொரு மருத்துவ இல்லத்திற்கு மாற்றப்பட்டார். வெப்ப நாட்டில் வளர்ந்த அவருக்குத் திறந்த சன்னல் வழியே வீசிய குளிர்காற்று மருந்தாக அன்றித் துன்பமாகவே தோன்றியது. விரும்பிய உணவும் கிடைக்கவில்லை. மனைவியும் தாயாரும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தனர். அவருடைய மனமும் சோர்ந்தது.

படுக்கையிலும் தளராத அறிவு

உடல் தளர்ந்த அந்தக் காலத்தில்தான் பெரும் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1918-ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இப்பெருமையைப் பெற்ற இரண்டாம் இந்தியர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் திரினிட்டி கல்லூரியின் ஆய்வறிஞராகத் தேர்வு பெற்றார். அப்பதவிக்குத் தேர்வான முதல் இந்தியரும் அவரே.

பின்னர் அவர் இலண்டனை அடுத்த புட்னி என்னும் இடத்தில் ஒரு மருத்துவ இல்லத்தில் தங்கினார். ஒருமுறை ஹார்டி வாடகைக் காரில் அவரைக் காணச் சென்றார். தாம் வந்த காரின் எண் 1729 என்றும், அது சிறப்பற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் கூறினார். படுத்திருந்த இராமானுஜன் உடனே அதனை மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என விளக்கினார். 1-இன் கனத்தையும் 12-இன் கனத்தையும் கூட்டினாலும், 9-இன் கனத்தையும் 10-இன் கனத்தையும் கூட்டினாலும் 1729 என்ற விடையே வரும். காய்ச்சல் அவருடைய உடலை வருத்தியதேயன்றி அறிவை மங்கச் செய்யவில்லை.

தாயகம் திரும்புதல்

போர் முடிந்த பின், 1919-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறித் தாயகம் திரும்பினார். வெப்ப நாட்டுக் காற்றும் வீட்டு உணவும் அவரைத் தேற்றும் எனப் பலர் நம்பினர். சென்னை, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி, கும்பகோணம் எனப் பல இடங்களில் அவர் தங்கினார். சென்னையின் காசநோய் வல்லுநரும் அவருக்குக் காசநோய் என்றே கருதிச் சிகிச்சை அளித்தார். ஆயினும், உடல்நிலை தேறவில்லை.

இறுதி மாதங்களில் அவர் சென்னை சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் இருந்தார். ஜானகி அம்மையார் இரவும் பகலும் பணிவிடை செய்தார். வேளை தவறாமல் சோறும் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தார். வலி எடுத்தபோதெல்லாம் கணவரின் கால்களுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். அந்த வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை அவர் முதுமையிலும் பாதுகாத்து வைத்திருந்தார்.

வலியின் நடுவிலும் இராமானுஜன் எழுதுவதை நிறுத்தவில்லை. 1920-ஆம் ஆண்டு ஜனவரியில், தாம் கண்ட புதிய வகைச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். போலித் தீட்டாச் சார்புகள் எனப்படும் அவை இன்றும் ஆராயப்படுகின்றன. அவ்வாண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. இறுதி ஆண்டில் அவர் எழுதிய தாள்கள் பலகாலம் யாருடைய கண்ணிலும் படாமல் கிடந்தன. 1976-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் கணித அறிஞர் அவற்றைத் திரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார்.

காசநோய்தானா?

இராமானுஜன் காசநோயால் இறந்தார் என்றே நெடுங்காலம் நூல்கள் குறிப்பிட்டு வந்தன. 1994-ஆம் ஆண்டில் யங் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்து வேறொரு கருத்தை வெளியிட்டார். இராமானுஜனைக் கொன்றது காசநோய் அன்று. கல்லீரலில் உண்டான அமீபாத் தொற்றாக இருக்கலாம் என்பதே அக்கருத்து.

அமீபா என்னும் நுண்ணுயிரி சீதபேதியை உண்டாக்கும். பேதி நின்ற பின்னும் அது குடலில் பல ஆண்டுகள் தங்கியிருக்கக்கூடும். பின்பு இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து அங்கே சீழ்க்கட்டியை உண்டாக்கும். மாணவப் பருவத்தில் இராமானுஜனுக்கு ஏற்பட்ட சீதபேதி இங்கேதான் முக்கியத்துவம் பெறுகிறது. இக்கருத்தை ஏற்போரும் உண்டு, ஐயுறுவோரும் உண்டு. அவருடைய உடலை இனிச் சோதிக்க இயலாது என்பதால் இது முடிவான தீர்ப்பாகாது.

இரு வேறு நோய்களை மருத்துவர்கள் குழப்பிக்கொள்வது எப்படி? இதற்கு மார்பின் அமைப்பை அறிய வேண்டும். நம் நுரையீரல் ஒவ்வொன்றையும் இரட்டை அடுக்குள்ள ஒரு மெல்லிய உறை சூழ்ந்துள்ளது. ஓர் அடுக்கு நுரையீரலோடு ஒட்டியிருக்கும். மற்றோர் அடுக்கு விலா எலும்புகளின் உட்புறத்தை ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் இடையே சிறிதளவு நீர்மம் மட்டுமே உண்டு. மூச்சு விடும்போது அடுக்குகள் உராயாமல் வழுக்கிச் செல்ல அது உதவுகிறது.

காசநோய்க் கிருமி இந்த உறையைத் தாக்கினால், அடுக்குகளுக்கிடையே நீர் பெருகும். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், உடல் மெலிவு ஆகியவை தோன்றும். வலப்பக்க நுரையீரலுக்கு நேர் கீழே, உதரவிதானம் என்னும் மெல்லிய தசைக்கு அடியில் கல்லீரல் உள்ளது. கல்லீரலில் சீழ்க்கட்டி தோன்றினால், அது உதரவிதானத்தை மேலே தள்ளும். வலப்பக்க நுரையீரல் உறையிலும் நீர் சேரச் செய்யும். அப்போதும் காய்ச்சல், வலி, மெலிவு என அதே அறிகுறிகள்தாம் காணப்படும். வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் மருத்துவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம்.

இந்தக் குழப்பம் உயிரோடு தொடர்புடையது. காசநோய்க்கு அன்று மருந்து இல்லை. ஆனால், அமீபாத் தொற்றுக்கு எமெட்டின் என்னும் மருந்து பயன்படும் என்பதை லியோனார்டு ரோஜர்ஸ் என்னும் மருத்துவர் 1912-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் காட்டியிருந்தார். யங்கின் கருத்து சரியென்றால், இராமானுஜனின் நோய்க்கு அன்றே மருத்துவம் இருந்தது. நோயின் பெயர்தான் தெரியவில்லை.

உள்ளே பார்க்க உதவிய கணிதம்

எக்ஸ்-கதிரை ரான்ட்கன் 1895-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால், எக்ஸ்-கதிர்ப் படம் ஒரு நிழலைப் போன்றது. எலும்பு, இதயம், நுரையீரல், நீர் ஆகிய எல்லாவற்றின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மார்பின் அடிப்பகுதியில் வெண்மை படர்ந்திருந்தால், அது நீரா, தடித்த உறையா, மேலே தள்ளப்பட்ட உதரவிதானமா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

ஒரு பொருளின் ஊடே பல திசைகளில் செல்லும் கோடுகளிலிருந்து கிடைக்கும் அளவுகளை மட்டும் கொண்டு, அப்பொருளின் உள்ளமைப்பைக் கணக்கிட முடியுமா? இது ஒரு தூய கணிதக் கேள்வி. முடியும் என நிறுவியவர் ஜோஹன் ராடான் என்னும் ஆஸ்திரியக் கணித அறிஞர். அவருடைய கட்டுரை வெளிவந்த ஆண்டு 1917. இராமானுஜன் நோயில் விழுந்த அதே ஆண்டு! இன்னொரு வியப்பும் உண்டு. ராடான் பிறந்தது 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள். அவர் இராமானுஜனுக்கு ஆறு நாள் மூத்தவர்.

ராடானின் கட்டுரை மருத்துவத்தைப் பற்றியதன்று. அதனை அறியாமலே, தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியல் அறிஞர் கோர்மாக் 1960-களில் இத்தகைய கணக்கீட்டை உருவாக்கினார். இங்கிலாந்துப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு தனியாக முயன்று ஒரு கருவியையே படைத்தார். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இலண்டனில் ஒரு நோயாளியின் மூளை அக்கருவியால் படம் பிடிக்கப்பட்டது. இதுவே சிடி ஸ்கேன் என நாம் அறியும் கருவி. 1979-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

சிடி ஸ்கேன் கருவியில், படுத்திருக்கும் நோயாளியைச் சுற்றி எக்ஸ்-கதிர்க் குழாய் சுழலும். எதிர்ப்புறத்தில் உள்ள உணர்விகள், உடலைக் கடந்து வரும் கதிரின் அளவைப் பதிவு செய்யும். கணினி அந்த எண்களையெல்லாம் கணக்கிட்டு, ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டியதுபோல் உடலின் குறுக்குவெட்டுப் படங்களைத் தரும். நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. ஒவ்வொரு படமும் உண்மையில் எண்களால் ஆனதே.

நுரையீரல் உறையைத் தாக்கும் காசநோயில் இக்கருவி பல வகையில் உதவுகிறது. சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியாத சிறிதளவு நீரையும் அது காட்டும். நீர் தடையின்றிப் பரவியுள்ளதா, சிறு சிறு அறைகளாகச் சிறைப்பட்டுள்ளதா என்பதையும் உணர்த்தும். நரம்பின் வழியே ஒரு சிறப்பு மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தால், அழற்சியுற்றுத் தடித்த உறை ஒளிர்ந்து தெரியும். நடுவே சீழ் தேங்கியிருந்தால், இரு அடுக்குகளும் பிரிந்து நிற்பதையும் காணலாம். நீருக்குப் பின்னால் நுரையீரலில் ஒளிந்திருக்கும் சிறு புண்களும், மார்பின் நடுவே வீங்கிய நிணநீர்க் கணுக்களும் புலப்படும். நாட்பட்ட நோயில் உறை சுண்ணாம்பு படிந்து ஓடுபோல் இறுகி, நுரையீரலை விரியவிடாமல் தடுக்கும். அந்த ஓட்டின் தடிப்பை அளந்தறிந்தே அறுவைச் சிகிச்சை தேவையா என்பதை மருத்துவர்கள் முடிவு செய்கின்றனர். மார்பைப் படம் எடுக்கும்போது கல்லீரலின் மேற்பகுதியும் அதில் அடங்கும். ஆகவே, கல்லீரல் கட்டியையும் உறைக் காசநோயையும் பிரித்தறிய வழி பிறக்கிறது.

எனினும், சிடி ஸ்கேன் எல்லாம் அறிந்த கருவி அன்று. புற்றுநோயாலும் உறை தடிக்கலாம். வேறு கிருமிகளாலும் சீழ் பிடிக்கலாம். உறைக் காசநோயில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவு. எனவே சளிச் சோதனையில் அவை பெரும்பாலும் அகப்படுவதில்லை. ஆகையால், ஊசி வழியே நீரை எடுத்தோ, உறையின் சிறு துணுக்கை எடுத்தோ ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே நோய் உறுதி செய்யப்படுகிறது. ஊசியை எந்த இடத்தில் செலுத்த வேண்டும் என்பதைப் படம் காட்டிக்கொடுக்கும். இக்கருவி சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தைவிட மிகுதியான கதிர்வீச்சைப் பயன்படுத்துவதால், தேவையானவர்களுக்கு மட்டுமே இச்சோதனை செய்யப்படுகிறது.

சேத்துப்பட்டிலிருந்து கிள்ளான் வரை

இராமானுஜனுக்கு மருத்துவம் பார்த்த சௌரிமுத்து தாயகம் திரும்பி, 1928-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒரு காசநோய் மருத்துவமனையை நிறுவினார். அது இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாகச் செயல்படுகிறது. 1956-ஆம் ஆண்டில் காசநோய் மருந்துகளை ஆராயும் நிலையம் ஒன்று சென்னையில் தொடங்கப்பட்டது. அது அமைந்த இடம், இராமானுஜன் உயிர்நீத்த அதே சேத்துப்பட்டு. நோயாளி மருத்துவ இல்லத்தில் தங்காமல், வீட்டிலிருந்தே மருந்து உண்டு குணமடைய முடியும் என்பதை அந்நிலையத்தின் ஆய்வு உலகுக்குக் காட்டியது. திறந்த சன்னல்களும் குளிர்காற்றும் சிகிச்சையாக இருந்த காலம் மறைந்தது.

மலேசியாவிலும் காசநோய் இன்னும் ஒழியவில்லை. 1961-ஆம் ஆண்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. ஆயினும், அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் 20,000-க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். காற்றோட்டம் குறைந்த, மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் இது எளிதில் பரவும். பண்டமாரான் போன்ற துறைமுக நகர்ப்புறக் குடியிருப்புகளும், தொழிலாளர் தங்கும் விடுதிகளும் இதில் கவனமாக இருக்க வேண்டியவை.

ஆனால், இராமானுஜனுக்குக் கிட்டாத வாய்ப்பு இன்று நமக்கு உண்டு. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியவை இருந்தால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கை நாடலாம். சளிச் சோதனையும் எக்ஸ்-கதிர்ப் படமும் அங்கிருந்து தொடங்கும். மேலும் ஆராய வேண்டியிருந்தால், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் சிடி ஸ்கேன் வசதி உள்ளது. பொதுவாக ஆறு மாதம் தவறாமல் மருந்து உண்டால் காசநோய் குணமாகும். பாதியில் நிறுத்தினால் கிருமி வலுப்பெற்றுவிடும்.

காசநோய் வந்தவரை இழிவாகப் பார்ப்பதும், அதற்கு அஞ்சி இருமலை மறைப்பதும் இன்னும் சில குடும்பங்களில் உள்ளன. மறைக்கப்படும் நோய் வீட்டிலுள்ள மற்றவரையும் பற்றும். இராமானுஜனின் நோய் யாரும் மறைத்ததால் வளரவில்லை. காணும் வழி இல்லாததால் வளர்ந்தது. அந்த வழியைப் பின்னாளில் திறந்துவிட்டவற்றுள் அவர் உயிரினும் மேலாக நேசித்த கணிதமும் ஒன்று. வழி திறந்திருக்கும் காலத்தில் வாழும் நாம், நோயை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை.